சுறாவிலிருந்து தொடங்குகிறவர்

முதுகெலும்புள்ள பிராணிகளை மீன், தவளை, ஊர்வன, பறவை, பாலூட்டி என்று ஐந்தாகப் பிரித்துப் பள்ளிக்கூடத்தில் நமக்குச் சொல்லிக்கொடுத்தார்கள். ஆறாவதாக ஒன்று விட்டுப்போயிற்று. அதற்கு இரண்டு கை, இரண்டு கால், மூக்கின் மேல் கண்ணாடி, சட்டைப் பையில் இரண்டு பேனா. பார்வைக்கு அச்சாக மனிதனைப் போலவே இருக்கும். வாயைத் திறந்தால்தான் வித்தியாசம் தெரியும். ஆமாம் அல்லது இல்லை என்று பதில் வரவேண்டிய ஒரு கேள்வியை நீங்கள் கேட்டிருப்பீர்கள். அது தொண்டையைச் செருமிக்கொண்டு, "இதைப் புரிஞ்சுக்கணும்னா முதல்ல..." என்று ஆரம்பிக்கும். அவ்வளவுதான். நீங்கள் பிடிக்க இருந்த பஸ் போய்விட்டது என்று வைத்துக்கொள்ளலாம்.

விளக்கம் சொல்கிறவர்கள் என்று இந்த இனத்துக்குப் பெயர். வக்கீல்களில் உண்டு, ஜோசியர்களில் உண்டு, ரேடியோ ரிப்பேர் செய்கிறவர்களில் மிகவும் அதிகம். ஆனால் முழு வளர்ச்சி அடைந்த மாதிரி ஒன்றைக் கண்ணால் காண ஆசைப்பட்டால், எண்பத்தோராம் வருஷம் மதுரை தல்லாகுளத்தில் குடியிருந்த விலங்கியல் பேராசிரியர் வெள்ளைத்துரையைத்தான் பார்த்திருக்க வேண்டும்.

வெள்ளைத்துரைக்கு நாற்பத்தாறு வயது. மேற்கே உசிலம்பட்டிப் பக்கத்தில் வெள்ளாமை செய்கிற சம்சாரி வீட்டுப் பிள்ளை. அவருடைய ஆராய்ச்சி எதிர்ப்பொருளைப் பற்றியது. உடம்புக்குள் வேண்டாதது ஏதாவது நுழைந்தால் அதைக் கவ்விப் பிடிப்பதற்கென்று இரத்தத்தில் உண்டாகிற பொருள் அது. கவைக்குச்சி மாதிரி இரண்டாகக் கிளைத்திருக்கும். சுறா மீனிடத்தில் அது எப்படி இருந்தது, தவளையிடத்தில் எப்படி மாறிற்று, ஓணானுக்கு வந்தபோது என்ன ஆயிற்று, கோழிக்கும் மனிதனுக்கும் வந்து சேர்ந்தபோது எத்தனை வகையாகப் பெருகிற்று என்பதை ஆராய்வதில் பதினோரு வருஷம் கழிந்திருந்தது. கல்லூரிக்குப் பின்னால் தகரக் கொட்டகை ஒன்றில் நூறு ஓணான்கள் இருந்தன. ஆட்டு இரத்தத்தைத் துளி எடுத்து ஓணானுக்கு ஊசியாகப் போடுவார். இரண்டு வாரம் கழித்து ஓணானின் இரத்தத்தைத் துளி எடுத்து ஆட்டு இரத்தத்தோடு கலப்பார். கலந்தது தட்டிலுள்ள சின்னக் குழியின் அடியில் விரிப்புப் போலப் படிந்தால் எதிர்ப்பொருள் வந்துவிட்டது என்று அர்த்தம். பொட்டுப் போலத் திரண்டால் வரவில்லை என்று அர்த்தம். மார்கழிக் குளிரில் ஓணானுக்கு அது வரவே வராது என்பதைக் கண்டுபிடித்து எழுதியதில், ஏதோ ஒரு தூர தேசத்திலிருந்து அவருக்கு ஒரு பாராட்டுக் கடிதம்கூட வந்திருந்தது.

இதில் தப்பு ஒன்றுமில்லை. யாராவது ஒருவர் ஓணானையும் கவனித்துத்தானே ஆகவேண்டும்? தகராறு, அவர் கொட்டகையை விட்டு வெளியே வந்த பிறகுதான் ஆரம்பித்தது.

காதுகுத்து வீட்டுப் பந்தியில் மைத்துனன் ஒருவன் மரியாதைக்கு, கறி வெந்திருக்கிறதா மாமா என்று கேட்டான். வெள்ளைத்துரை இலையிலிருந்து கையை எடுத்தார். ஆட்டின் இரத்தத்தில் எத்தனை வகை எதிர்ப்பொருள் இருக்கிறது, தாய் ஆடு அதைச் சீம்பாலில் குட்டிக்கு எப்படிக் கொடுக்கிறது, மனுஷி அதைக் கர்ப்பத்திலேயே கொடுத்துவிடுவதால் அவள் எந்த வகையில் மேல் என்றெல்லாம் சொல்லி முடித்தபோது, அடுத்த பந்திக்கு இலை போட்டுவிட்டார்கள். கறி வெந்திருந்ததா என்பது கடைசிவரை தெரியவில்லை.

அவர் பேச்சுக்குச் சில அடையாளங்கள் உண்டு. "சுருக்கமாச் சொல்றேன்" என்றால் உட்கார இடம் தேடிக்கொள்ள வேண்டும். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தால் நாற்பது கோடி வருஷத்துக்கு முன்னால் போகப்போகிறார். இரண்டு கைகளையும் தலைக்கு மேலே கவையாக விரித்தால் எதிர்ப்பொருளின் உருவத்தைக் காட்டுகிறார். "கடைசியா ஒண்ணு" என்றால் இன்னும் மூன்று பாக்கி. இவ்வளவு சொல்லியும், அவர் பொய் சொன்னார் என்றோ தப்பாகச் சொன்னார் என்றோ யாரும் ஒரு தடவைகூடக் குறை கூறியது கிடையாது. சொன்னதெல்லாம் சுத்த நிஜம். அதுதான் அதிலிருந்த கஷ்டம்.

ஓணான்களைப் பிடித்து வந்து, பூச்சி போட்டு வளர்த்தவர் சின்னக்கருப்பன். செக்கானூரணிக்குப் பக்கத்துக் கிராமத்திலிருந்து தினமும் பஸ்ஸில் வந்துபோகிற கொட்டகை உதவியாளர். பதினோரு வருஷமும் கூடவே இருந்தவர். வெளியூரிலிருந்து வந்த ஒரு பேராசிரியர், இங்கே என்ன ஆராய்ச்சி நடக்கிறது என்று வெள்ளைத்துரை இல்லாத சமயம் பார்த்து அவரைக் கேட்டார். "முத தடவ ஊசி போட்டா உடம்பு மெதுவா முழிக்கும் சார். திருப்பிப் போட்டா வெரசா முழிக்கும். அம்புட்டுத்தான்" என்று சின்னக்கருப்பன் சொல்லிவிட்டார். வந்தவர் சந்தோஷமாகப் போய்விட்டார். செய்தி தெரிந்து வெள்ளைத்துரை இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை. தப்பாகச் சொல்லியிருந்தால்கூடப் பொறுத்திருப்பார்.

அந்த வருஷம் ஆடி மாதம் ஒரு காலை, தல்லாகுளத்தில் டீக்கடை முன்னால் வைத்து ஒரு செவலை நாய் அவரைக் கடித்தது.

நாயின் மேல் முழுப் பழியும் போட முடியாது. பால் திரிந்துவிட்டதா பாருங்கள் என்று டீ மாஸ்டர் கிளாஸை நீட்டினார். பாலில் இருக்கிற எதிர்ப்பொருளைப் பற்றி விளக்க ஆரம்பித்த வெள்ளைத்துரை, கைகளைத் தலைக்கு மேலே கவையாக விரித்துக்கொண்டே இரண்டு எட்டு பின்னால் வைத்தார். இரண்டாவது எட்டு நாயின் வாலில் இறங்கியது. அது அவருடைய கெண்டைக்காலைக் கவ்வி, ஒரு உதறு உதறிவிட்டுப் போய்ச் சாக்கடையோரம் படுத்துக்கொண்டது. நான்கு பல் பதிந்திருந்தது. இரத்தம் வந்தது.

நீங்களோ, அடுத்த வீட்டுக்காரரோ என்றால் நேரே ஆஸ்பத்திரிக்குப் போயிருப்பீர்கள். நாய்க்கடிக்குத் தொப்புளைச் சுற்றிப் பதினான்கு ஊசி என்று அந்தக் காலத்தில் எல்லாருக்கும் தெரியும். வெள்ளைத்துரை வீட்டுக்கு வந்து காயத்தைச் சோப்புப் போட்டு நன்றாகக் கழுவினார். அது சரியான காரியம். பிறகு நாற்காலியில் உட்கார்ந்து மனைவி அன்னக்கொடிக்கு விளக்க ஆரம்பித்தார். நாய் தானாக வந்து கடிக்கவில்லை, வாலை மிதித்ததால் கடித்தது. எனவே அது வெறிநாயாக இருப்பதற்கு வாய்ப்புக் குறைவு. பத்து நாள் அந்த நாயைக் கவனிக்க வேண்டும், பத்து நாளும் நாய் உயிரோடு இருந்துவிட்டால் ஊசியே தேவையில்லை, இது உலகம் ஒப்புக்கொண்ட முறை. அதற்குள் ஊசி போட ஓடுவது விஞ்ஞானத்துக்கு அழகல்ல.

அன்னக்கொடி தல்லாகுளத்தில் தபால் ஆபீஸ் கவுண்டரில் வேலை பார்ப்பவர். எதிரே வரிசை நிற்கும்போது ஒரு வார்த்தையில் பதில் சொல்லிப் பழகியவர். "பயமா இருக்கா?" என்று கேட்டார்.

வெள்ளைத்துரை சிரித்தார். பயத்துக்கும் இதற்கும் சம்பந்தமில்லை என்பதைச் சுருக்கமாக, ஒரு முக்கால் மணி நேரத்தில் நிரூபித்தார்.

உண்மையைச் சொன்னால், சம்பந்தம் இருந்தது. அந்தப் பதினோரு வருஷத்தில் மீனுக்கும் தவளைக்கும் ஓணானுக்கும் கோழிக்குமாக எத்தனையோ ஆயிரம் ஊசி போட்டிருந்த மனிதர், சின்ன வயதில் அம்மைத் தடுப்புக்காரன் வந்தபோது நெல் குதிருக்குள் ஒளிந்து, இழுத்து வந்து குத்தப்பட்டதற்குப் பிறகு, தன் உடம்பில் ஒரு ஊசியையும் ஏற விட்டவரில்லை. காய்ச்சல் வந்தால் மாத்திரை. அதிகமானால் இரண்டு மாத்திரை. தொப்புளைச் சுற்றிப் பதினான்கு என்று நினைத்தாலே அவருக்கு அடிவயிறு உள்ளே போய் முதுகோடு ஒட்டிக்கொண்டது. ஆனால் பயம் என்று ஒரு சொல்லில் சொல்லக்கூடியதை, விளக்கம் கைவசம் இருக்கிறவன் எதற்காகச் சொல்லப்போகிறான்?

நாயைக் கவனிக்கும் பொறுப்பு சின்னக்கருப்பனுக்கு வந்தது. காலையும் மாலையும் டீக்கடைப் பக்கம் போய், நாய் நடக்கிறதா, தண்ணீர் குடிக்கிறதா என்று பார்த்து வந்து சொல்ல வேண்டும். முதல் நாள் நாய் நன்றாக இருந்தது. இரண்டாம் நாள் படுத்தே கிடந்தது. வெயிலில் நாய்கள் படுத்துத்தான் இருக்கும் என்று வெள்ளைத்துரை விளக்கினார். மூன்றாம் நாள் காலை சின்னக்கருப்பன் வீட்டு வாசலில் வந்து நின்று, "நாய் செத்துப்போச்சு சார்" என்றார்.

வெள்ளைத்துரை கண்ணாடியைக் கழற்றினார். நாய் சாவதற்கு எத்தனையோ காரணம் உண்டு என்று தொடங்கி, லாரி அடித்திருக்கலாம் என்றார். உடம்பில் காயம் எதுவும் இல்லை என்றார் சின்னக்கருப்பன். விஷம் வைத்திருக்கலாம் என்றார். வாயில் நுரையாகத் தள்ளியிருக்கிறது, அதற்கு முந்தின ராத்திரி இன்னும் இரண்டு பேரைக் கடித்திருக்கிறது என்றார் சின்னக்கருப்பன். வயது முதிர்ந்து இறந்திருக்கலாம் என்று வெள்ளைத்துரை சொல்ல வாயெடுத்தபோது, அன்னக்கொடி ஆபீஸுக்குப் போகக் கட்டிய சேலையோடு தெருவிலிருந்து உள்ளே வந்தார்.

"ரிக்‌ஷா நிக்குது. ஏறுங்க."

ஏறினார்.

அரசு ஆஸ்பத்திரியில் ஊசி அறைக்கு வெளியே நீளமாக ஒரு பெஞ்சு. அதில் இருபது, இருபத்தைந்து பேர். எல்லாரும் நாய்க்கடிக்காரர்கள். உள்ளே ஊசி போடுகிற பால்பாண்டி என்பவர் பேர் சொல்லிக் கூப்பிடுவார், "சட்டையத் தூக்குங்க" என்பார், போடுவார், "நாளைக்கு" என்பார். நாள் பூராவும் அவர் பேசியது இந்த மூன்று வார்த்தைதான். வெள்ளைத்துரைக்கு அந்த மனிதரைப் பார்க்கவே பாவமாக இருந்தது. முதல் ஊசி ஏறியபோது கண்ணை மூடிக்கொண்டு, சுறா, தவளை, ஓணான், கோழி என்று வரிசையாக மனசுக்குள் சொல்லிக்கொண்டார். கோழிக்கு வருவதற்குள் முடிந்துவிட்டது.

இரண்டாம் நாள் பெஞ்சில் அவருக்குப் பக்கத்தில் முருகம்மாள் உட்கார்ந்திருந்தார். முப்பத்தைந்து வயதிருக்கும். செக்கானூரணிக்கு மேற்கே ஒரு கிராமத்தில் கடலைக் காட்டில் களையெடுத்துக்கொண்டிருந்தபோது நாய் கடித்திருக்கிறது. கடித்த நாய் போன இடம் தெரியவில்லை. மூன்று ஊசி போட்டாயிற்று, இன்றைக்கு நான்காவது. தினமும் இரண்டு பஸ் மாறி வரவேண்டும். களை தலைக்கு மேலே நிற்கிறது. பக்கத்தில் படித்தவர் ஒருவர் உட்கார்ந்திருக்கிறாரே என்று மெதுவாகக் கேட்டார்.

"ஏன்யா, பதினாலும் போட்டே ஆகணுமா? காயம் ஆறிப்போச்சே."

இதற்குப் பதில் ஆமாம். உங்களுக்குத் தெரிகிறது. அவருக்கும் தெரியும், உலகத்தில் மற்ற எல்லாரையும் விட நன்றாகத் தெரியும். ஆனால் ஆமாம் என்று சொல்லிவிட்டால் பிறகு என்ன பேசுவது? அதோடு, இன்னும் சிறிது நேரத்தில் அவர் பேரும் கூப்பிடப்படும். பயப்படுகிற வாய் பேசிக்கொண்டேதான் இருக்கும்.

வெள்ளைத்துரை கண்ணாடியைத் துடைத்தார்.

நாற்பது கோடி வருஷத்துக்கு முன்னால் சுறாவிடம் ஒரே ஒரு பெரிய வகை எதிர்ப்பொருள்தான் இருந்தது என்றும், ஐந்து பேர் முதுகோடு முதுகு ஒட்டிக் கையை வெளியே நீட்டிக்கொண்டு நிற்பது போல அது ஐந்து கவை சேர்ந்த உருவம் என்றும், தவளை வந்த பிறகுதான் சின்னதாக இரண்டாவது வகை ஒன்று உண்டாயிற்று என்றும், ஓணானுக்கு அது நிதானமாகத்தான் வரும் என்றும், கோழி அதை முட்டையின் மஞ்சள் கருவில் வைத்துக் குஞ்சுக்குச் சீதனமாகக் கொடுக்கிறது என்றும், மனிதனிடத்தில் அது ஐந்து வகையாகப் பெருகி இரத்தத்தில் ஒன்று, கண்ணீரிலும் எச்சிலிலும் ஒன்று என்று பங்கு பிரித்துக் காவல் நிற்கிறது என்றும், ஆக எதிர்த்து நிற்கிற சக்தி வெளியிலிருந்து யாரும் கொடுப்பதல்ல, உடம்புக்குள்ளேயே கோடி வருஷமாக இருப்பது என்றும், இங்கே போடுகிற மருந்து ஆட்டு மூளையிலிருந்து செய்வது என்றும், அதிலே பல்லாயிரத்தில் ஒருவருக்கு அபூர்வமாகக் கை கால் விளங்காமல் போவதுண்டு என்றும், ஆனாலும்...

"வெள்ளைத்துரை" என்று பால்பாண்டி கூப்பிட்டார்.

அந்த "ஆனாலும்" பெஞ்சிலேயே கிடந்தது. ஊசி போட்டுக்கொண்டு அவர் வெளியே வந்தபோது முருகம்மாளைக் காணவில்லை. கழிப்பறைக்குப் போயிருப்பார் என்று நினைத்துக்கொண்டு வெள்ளைத்துரை வீட்டுக்குப் போனார்.

மறுநாள் பால்பாண்டி முருகம்மாள் பேரை மூன்று தடவை கூப்பிட்டார். பதில் இல்லை. அதற்கும் மறுநாள் கூப்பிட்டார். அன்றைக்கும் இல்லை. பெஞ்சின் கடைசியில் உட்கார்ந்திருந்த ஒரு பெரியவர், அந்தம்மா இனிமேல் வராது, முந்தாநாளே போய்விட்டது என்றார். ஏன் என்று கேட்டார் பால்பாண்டி. பெரியவர் வெள்ளைத்துரையைக் கையால் காட்டினார். இந்தப் படிச்ச அய்யாதான் சொன்னார், எதிர்க்கிற சக்தி உடம்புக்குள்ளேயே இருக்கிறதாம், மேலே ஊசி போட்டால் கை கால் விளங்காதாம், அந்தம்மா கும்பிட்டுவிட்டுப் போய்விட்டது என்றார்.

வெள்ளைத்துரைக்கு முதலில் உண்டானது, வெட்கத்தோடு சொல்ல வேண்டியிருக்கிறது, ஒரு சின்ன சந்தோஷம். பதினோரு வருஷத்தில் அவர் பேச்சைக் கேட்டு ஒரு ஜீவன் உடனே எழுந்து போய் ஒரு காரியம் செய்தது அதுதான் முதல் தடவை. அடுத்த நிமிஷம் அந்தக் காரியம் என்ன என்பது உறைத்தது. பால்பாண்டி பதிவேட்டை அவர் பக்கம் திருப்பினார். முருகம்மாள் பெயருக்கு நேரே மூன்று குறியும் மூன்று வெற்றிடமும் இருந்தன. முந்தாநாள் போடவேண்டிய நான்காவதையும் போட்டுக்கொள்ளாமலே போயிருக்கிறார். கடித்தது வெறிநாயாக இருந்து, அந்த நோய் ஒரு தடவை கண்டுவிட்டால், பிறகு சுறாவின் எதிர்ப்பொருளும் உதவாது, மனிதனின் ஐந்து வகையும் உதவாது. தண்ணீரைக் கண்டு அலறிச் சாக வேண்டியதுதான். இதை அவரைத் தவிர வேறு யார் இவ்வளவு விவரமாக அறிவார்? ஆனால் அந்த ஒரு விவரத்தைத்தான் அவர் சொல்லாமல் விட்டுவிட்டார்.

வீட்டுக்கு வந்து அன்னக்கொடியிடம் சொன்னார். தான் சொன்னதில் ஒரு வார்த்தைகூடத் தப்பு இல்லை என்றார். கேட்டவர் பாதியில் எழுந்து போனதுதான் தப்பு என்றார். சுகாதார இலாகா மூலமாக ஒரு கடிதம் அனுப்பச் செய்வதுதான் முறை என்றார்.

"கடுதாசி அங்க போய்ச் சேர மூணு நாள் ஆகும். எனக்குத் தெரியும்" என்றார் அன்னக்கொடி. "நீங்க போங்க. போய்க் கூட்டிட்டு வாங்க."

அன்றைக்கே மதியம் சின்னக்கருப்பனைக் கூட்டிக்கொண்டு ஆரப்பாளையத்தில் பஸ் ஏறினார். பால்பாண்டி பதிவேட்டைப் பார்த்து ஊர் பேரைச் சொல்லியிருந்தார். அது சின்னக்கருப்பனுக்குப் பக்கத்து ஊர். நாகமலையைத் தாண்டும் வரை வெள்ளைத்துரை மனசுக்குள் பேச்சைத் தயார் செய்தார். புள்ளிவிவரத்தை முதலில் சொல்வதா, கடைசியில் சொல்வதா என்று சின்னக்கருப்பனிடம் யோசனை கேட்டார். சின்னக்கருப்பன் ஜன்னல் வழியாக வேலியில் ஏதாவது ஓணான் தெரிகிறதா என்று பார்த்துக்கொண்டே, "அம்புட்டு நேரம் அது நிக்காது சார். களையெடுப்பு நேரம்" என்றார்.

பஸ்ஸை விட்டு இறங்கி ஒரு மைல் நடக்க வேண்டியிருந்தது. கடிபட்ட கால் வலித்தது. நான்கு ஊசி ஏறிய வயிறு, நடக்க நடக்கக் கல்லாக இழுத்தது. கடலைக் காட்டில் ஏழெட்டுப் பெண்கள் ஆளுக்கு ஒரு நிறை என்று செடி வரிசை பிடித்துக் குனிந்து களையெடுத்துக்கொண்டிருந்தார்கள். முருகம்மாள் மூன்றாவது நிறையில் இருந்தார். வரப்பில் அவருடைய புருஷன் சுடலை வெட்டிய களையை அள்ளிக் குவித்துக்கொண்டிருந்தார். ஆஸ்பத்திரிப் படிச்ச அய்யா தேடி வந்திருக்கிறார் என்று தெரிந்ததும் எல்லாரும் நிமிர்ந்து நின்றார்கள்.

வெள்ளைத்துரை கைக்குட்டையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். அன்றைக்குத் தான் சொன்னது ஒன்று, முருகம்மாள் எடுத்துக்கொண்டது வேறொன்று என்று ஆரம்பித்தார். பல்லாயிரத்தில் ஒருவர் என்றால் என்ன கணக்கு என்பதை விளக்க, இந்தக் காட்டிலுள்ள கடலைச் செடிகள் எத்தனை என்று வைத்துக்கொள்ளலாம் என்றார். சுடலையின் முகம் கறுத்தது. அப்போ கை கால் விளங்காமல் போவது நிசந்தானா என்று கேட்டார். நிசம்தான், ஆனால் என்று வெள்ளைத்துரை அடுத்த வாக்கியத்துக்குப் போனபோது, பக்கத்து நிறையில் இருந்த ஒரு பெண், முருகம்மாளின் கையைப் பிடித்துப் பின்னால் இழுத்துக்கொண்டாள். பேசப்பேச முருகம்மாள் தள்ளித்தள்ளிப் போய்க்கொண்டிருப்பதை வெள்ளைத்துரை கண்ணாலேயே பார்த்தார். அவருடைய வாழ்நாளில், எதிரே இருப்பவர் முகத்தைப் பார்த்துக்கொண்டு அவர் பேசியது அப்போதுதான்.

முருகம்மாள் கையை விடுவித்துக்கொண்டு முன்னால் வந்தார். களைக்கொத்து கையில் இருந்தது.

"ஒங்களுக்குத் தெரிஞ்சது அம்புட்டும் எனக்கு வேணாம்யா. ஊசி போடணுமா, வேணாமா?"

வெள்ளைத்துரை வாயைத் திறந்தார். திறந்த வாயில் நாற்பது கோடி வருஷமும் வந்து முட்டி நின்றது. கண்ணாடியைத் தேடிப் போன கை பாதியில் நின்றது.

"போடணும்."

"போடலைன்னா?"

"செத்துப்போயிருவ தாயி."

சுடலை கையிலிருந்த களையைக் கீழே போட்டார். முருகம்மாள் வெள்ளைத்துரையை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, நீங்க போட்டுக்கிட்டீங்களா என்று கேட்டார்.

"நாலு போட்டிருக்கேன். இன்னும் பத்து இருக்கு" என்றார் வெள்ளைத்துரை. பிறகு, யாரோ வேறு ஒருவர் சொல்வது போல அவர் வாயிலிருந்து அது வந்தது. "எனக்கும் பயமாத்தான் இருக்கு. அந்தப் பயத்துலதான் அன்னைக்கு அம்புட்டுப் பேசுனேன்."

முருகம்மாள் சிரிக்கவில்லை. "அத அன்னைக்கே சொல்லியிருந்தா, நா எந்திரிச்சுப் போயிருக்க மாட்டேனே" என்றார். களைக்கொத்தைப் பக்கத்துப் பெண்ணிடம் கொடுத்துவிட்டு, வாய்க்காலில் கை கால் கழுவப் போனார்.

திரும்பி வருகிற பஸ்ஸில் முருகம்மாளும் சுடலையும் முன் சீட்டில் இருந்தார்கள். ஒரே ஊசியாகப் பெரிசாகப் போட்டுவிட்டால் ஆகாதா, எதற்குப் பதினாலு என்று சுடலை திரும்பிக் கேட்டார். வெள்ளைத்துரை வாயை இறுக்கி மூடிக்கொண்டு சின்னக்கருப்பனைப் பார்த்தார். தூங்குற ஆளை ஒரு தடவை கூப்பிட்டால் புரண்டு படுப்பான், விடாமல் கூப்பிட்டால்தான் எந்திரிப்பான், உடம்பும் அப்படித்தான் என்றார் சின்னக்கருப்பன். சுடலை தலையாட்டிவிட்டு முன்னால் திரும்பிக்கொண்டார். முப்பது வருஷம் விலங்கியல் படித்த வெள்ளைத்துரை, இதில் சொல்லாமல் விட்டது என்னென்ன என்று விரல்விட்டு எண்ணிப் பார்த்தார். நிறைய இருந்தது. எதுவும் சுடலைக்குத் தேவைப்படவில்லை.

விட்டுப்போன நாட்களுக்கும் சேர்த்து டாக்டர் கணக்கு எழுதிக் கொடுத்தார். பால்பாண்டி "சட்டையத் தூக்குங்க" என்றதும், வெள்ளைத்துரைக்கு அது எவ்வளவு நிறைவான வாக்கியம் என்று அப்போது தோன்றியது. மிச்ச நாட்கள் முழுக்க அவரும் முருகம்மாளும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்தார்கள். ஊசியைப் பற்றி அவர் வாயைத் திறக்கவில்லை. ஒன்பதாம் நாள் வரிசை நகரவே இல்லை. முருகம்மாளே பொழுது போகாமல், அந்தச் சுறா சமாசாரம் என்னமோ சொன்னீங்களே, அதைச் சொல்லுங்க என்றார். வெள்ளைத்துரை தயங்கித் தயங்கி ஆரம்பித்தார். தவளைக்கு வருவதற்குள் முருகம்மாள் சுவரில் தலையைச் சாய்த்து நிம்மதியாகத் தூங்கிவிட்டார். ஆஸ்பத்திரிக்கு வர ஆரம்பித்ததிலிருந்து அந்த பெஞ்சில் அவர் கண்ணயர்ந்தது அன்றைக்குத்தான். வெள்ளைத்துரை குரலைத் தாழ்த்திக்கொண்டு, அவர் எழுந்துவிடாதபடி, பாலூட்டி வரை சொல்லி முடித்தார்.

இரண்டு பேருக்கும் ஊசி முடிந்தது. இரண்டு பேரும் பிழைத்தார்கள். அடுத்த வருஷம் கடலை நன்றாக விளைந்தது என்று சின்னக்கருப்பன் சொன்னார்.

இத்தோடு வெள்ளைத்துரை திருந்திவிட்டார் என்று நீங்கள் நினைத்தால், இந்த இனத்தைப் பற்றி உங்களுக்கு இன்னும் சரியாகத் தெரியவில்லை என்று அர்த்தம். கடலைக் காட்டில் ஒரே வார்த்தையில் பதில் சொன்ன அனுபவம் அவரை உலுக்கிவிட்டது நிஜம். அதனால் அதை எல்லாருக்கும் சொல்ல ஆரம்பித்தார். டீ மாஸ்டருக்குச் சொன்னார். மைத்துனனுக்குச் சொன்னார். மாணவர்களுக்கு மூன்று வகுப்பில் சொன்னார். அந்த வருஷக் கடைசியில் கல்லூரி மன்றத்தில் 'சுருங்கச் சொல்லுதல்' என்ற தலைப்பில் பேச அழைத்தார்கள். ஒரு மணி ஐம்பது நிமிஷம் பேசினார். அன்னக்கொடி முதல் வரிசையில் உட்கார்ந்து, ஒரு தடவையும் கடிகாரத்தைப் பார்க்காமல், முழுவதும் கேட்டார். மற்றவர்கள் அதை அன்பு என்று எண்ணிக்கொண்டார்கள். அவர் மடியில் கம்பளி நூல் இருந்ததும், அன்றைக்கு ஒரு குல்லா முக்கால்வாசி முடிந்துபோனதும் பின்வரிசையில் இருந்தவர்களுக்குத் தெரியாது.

இப்போது உங்கள் விஷயத்துக்கு வருவோம். நீங்கள் இவ்வளவு நேரம் பொறுமையாகப் படித்தீர்கள். இடையிடையே உங்கள் மேலதிகாரியும், உங்கள் மாமனாரும், எதிர்வீட்டு ரிட்டயர்டு இன்ஜினீயரும் ஞாபகத்துக்கு வந்திருப்பார்கள். நல்லது. ஒரே ஒரு கேள்வி. நீங்களும் அந்த இனம்தானா? யாரிடமும் சொல்ல வேண்டாம், மனசுக்குள் ஆமாம் என்றோ இல்லை என்றோ ஒரு சொல்லில் பதில் சொன்னால் போதும்.

என்ன? "அப்படி ஒரேயடியாச் சொல்லிட முடியாது, ஏன்னா..." என்கிறீர்களா?

சரி. சற்று நகர்ந்து உட்காருங்கள். வெள்ளைத்துரைக்கும் இடம் வேண்டும்.